மழைக்காட்டு அரணைகள் கூறும் வரலாறு

"அரணை கடித்தால் மரணம்" என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. கடிக்க வந்த அரணை, வந்த காரியத்தை மறந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். அதனால்தான் நாம் பிழைத்திருக்கிறோமாம்! கிணற்றடியிலும் வாழைத் தோட்டத்திலும் எண்ணெய் தடவியதுபோல் மின்னிக்கொண்டு ஓடும் இந்தப் பிராணிக்கு உண்மையில் நஞ்சு கிடையாது. பூச்சிகளைப் பிடித்துத் தின்று, ஆளரவம் கேட்டால் சருகுக்குள் மறைந்துகொள்ளும் சாது அது.

உலகில் அரணைக் குடும்பத்தைச் சேர்ந்த இனங்கள் 1,700க்கும் மேல் உள்ளன. பல்லி, ஓணான், உடும்பு முதலிய அதன் உறவினர்களில் இவ்வளவு பெரிய குடும்பங்கள் மிகச் சிலவே. ஆஸ்திரேலியாவில் மட்டும் 400க்கும் மேற்பட்ட அரணை இனங்கள் வாழ்கின்றன. அக்கண்டத்தின் வடகிழக்கு மூலையிலுள்ள மழைக்காடுகளில் வாழும் சில அரணைகளைப் பற்றி விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஒரு சாண் நீளம்கூட இல்லாத இந்தப் பிராணியிடம் அவர்கள் கேட்ட கேள்வி பெரியது: புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன? காட்டின் எந்தப் பகுதியைக் காப்பாற்றினால் அந்தத் தோற்றம் தடைப்படாமல் நடக்கும்?

ஈரக்காட்டின் இடம்

ஆஸ்திரேலியா என்றதும் நம் நினைவுக்கு வருவது வறண்ட சமவெளியும் கங்காருவும்தான். ஆனால் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில், குக்டவுன் நகருக்கு அருகிலிருந்து தெற்கே டவுன்ஸ்வில் வரை, மலைத்தொடரை ஒட்டி ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளத்துக்கு ஈரமான வெப்பமண்டலக் காடுகள் பரவியுள்ளன. கடற்காற்று சுமந்துவரும் ஈரத்தை மலைகள் தடுத்து மழையாகப் பெய்விக்கின்றன. 1988ஆம் ஆண்டு இக்காடுகளில் சுமார் 8,940 சதுர கிலோமீட்டர் பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கண்டம் முழுவதோடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்குதான். எனினும் உலகில் வேறெங்கும் இல்லாத பல உயிரினங்களுக்கு இதுவே வீடு.

இந்தக் காட்டின் மேற்குப் பக்கம் போகப் போக மழை குறைகிறது. கிளைகள் பின்னிக் கூரை வேய்ந்தாற்போல் இருக்கும் அடர்காடு முடிந்து, யூக்கலிப்டஸ் மரங்கள் உயர்ந்து நிற்கும் திறந்த காடு தொடங்குகிறது. அடர்காட்டுத் தரையில் எப்போதும் நிழலும் ஈரமும் இருக்கும். திறந்த காட்டில் வெயில் தரைவரை இறங்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

ஒரே காட்டில் மூன்று வீடுகள்

அரணை தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக் காத்துக்கொள்ளும் பிராணி அல்ல. சுற்றுப்புறம் குளிர்ந்தால் அதுவும் குளிரும். எனவே எங்கே, எவ்வளவு வெயில் கிடைக்கிறது என்பதே அதன் வாழ்க்கையை நிர்ணயிக்கிறது. மழைக்காட்டுத் தரைக்கு வந்து சேரும் சூரிய ஒளியோ மிகச் சொற்பம். இந்த நிலைமையை வெவ்வேறு அரணைகள் வெவ்வேறு விதமாகச் சமாளிக்கின்றன.

முதலாவது, செங்கழுத்து அரணை. விஞ்ஞானிகள் இதைக் கார்லியா ரூப்ரிகுலாரிஸ் என்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் கழுத்து சிவந்து காணும். இதன் முன்காலில் நான்கே விரல்கள். ஒரு தடவைக்கு இரண்டே முட்டைகள். இலைச்சருகுகளிடையே திரியும் இது, மரக்கூரையின் இடைவெளி வழியே விழும் வெயில் திட்டுகளைத் தேடிப் போய்க் குளிர்காயும்.

இரண்டாவது, முள் அரணை. ஜினிப்பெட்டோசிங்கஸ் குவீன்ஸ்லாண்டியே என்பது இதன் நீண்ட பெயர். அரணை என்றாலே வழவழப்பு என்று நாம் நினைப்போம். இதற்கோ உடலெங்கும் முள்போன்ற சொரசொரப்பான செதில்கள். மட்கிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகளின் அடியிலும் உள்ளேயும் வாழ்வது இது. வெயில் காய வெளியே வருவதில்லை. குளிர்ந்த உடலுடனேயே காலம் தள்ளுகிறது. முட்டையிடாமல் குட்டி போடும். மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்தே பருவமடையும்.

மூன்றாவது, மலையுச்சி அரணை. குவீன்ஸ்லாந்தின் மிக உயர்ந்த மலையான பார்ட்டில் ஃபிரியர், 1,600 மீட்டருக்கு மேல் உயரமுடையது. மேகம் தவழும் அதன் உச்சிப் பகுதியில் மட்டுமே டெக்மார்சிங்கஸ் ஜிகுர்ரு என்னும் அரணை வாழ்கிறது. 1984இல்தான் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டப்பட்டது.

சருகு, கட்டை, சிகரம் என மூன்று வீடுகள். இவற்றில் எது குலைந்தாலும் அங்கு வாழும் அரணைக்குப் புகலிடம் இல்லை.

சுருங்கி விரிந்த காடு

இன்று தொடர்ந்து கிடக்கும் இக்காடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆதர்டன் பீடபூமியில் லிஞ்ச் எரிமலைவாய் என்ற இடம் இருக்கிறது. அணைந்துபோன எரிமலையின் வாயில் நீர் தேங்கிச் சதுப்பாகிவிட்ட இடம் அது. ஆண்டுதோறும் சுற்றிலுமுள்ள மரங்களின் மகரந்தத் தூள் அதில் விழுந்து, சேற்றோடு அடுக்கடுக்காகப் படிந்து வந்திருக்கிறது. பீட்டர் கெர்ஷா என்ற விஞ்ஞானி அச்சேற்றைத் துளையிட்டு எடுத்து, அடுக்கு அடுக்காக மகரந்தத்தை ஆராய்ந்து 1970களில் முடிவுகளை வெளியிட்டார்.

பனியூழிக் காலத்தில் உலகின் நீர் பெருமளவு துருவப் பனியாக உறைந்திருந்தபோது, இப்பகுதியிலும் மழை குறைந்தது. மழைக்காட்டு மரங்களின் மகரந்தம் குறைந்து யூக்கலிப்டஸ் மகரந்தம் மிகுந்தது. சுமார் 9,000 அல்லது 8,000 ஆண்டுகளுக்கு முன்புதான் மழைக்காடு பீடபூமியின்மேல் மீண்டும் பரவியது. இடைப்பட்ட வறட்சிக் காலத்தில் ஈரம் வற்றாத சில மலைச்சரிவுகளில் மட்டும் காடு ஒடுங்கிக் கிடந்தது. வெள்ளத்தில் ஊர் மூழ்கும்போது மக்கள் மேட்டில் ஒதுங்குவதுபோல், காட்டுப் பிராணிகளும் அந்தத் துண்டுகளில் ஒதுங்கின. இவற்றைப் 'புகலிடக் காடுகள்' என்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு கொள்கை பிறந்தது. வெவ்வேறு புகலிடங்களில் நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டுப் புதிய இனங்களாகின்றன என்பதே அது. மழைக்காடுகளில் இத்தனை உயிரினங்கள் ஏன் என்ற கேள்விக்கு இதுவே விடை என்று பலர் நம்பினர். வேறு சிலரோ, அடர்காடும் திறந்த காடும் சந்திக்கும் ஓரங்களில், மாறுபட்ட வாழ்க்கை நிலைமைகளே புதிய உருவங்களைச் செதுக்குகின்றன என்று வாதித்தனர். பிரிவினையா, சூழ்நிலையா? இரண்டில் எது வலியது?

வால் நுனியில் ஒரு சுவடி

இக்கேள்விக்கு விடை காண அரணையின் வால் உதவியது. எதிரி பிடித்தால் அரணை வாலைத் துண்டித்துவிட்டு ஓடிவிடும். பிறகு வால் மீண்டும் வளரும். ஆகவே வால் நுனியில் ஒரு சிறு துணுக்கை எடுத்துக்கொண்டு அரணையை விட்டுவிடலாம். அந்தத் துணுக்கில் டி.என்.ஏ. இருக்கிறது.

உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்குத் தனியாக டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. மகனுக்கும் மகளுக்கும் கிடைத்தாலும், அடுத்த தலைமுறைக்கு அதைக் கொண்டு செல்பவள் மகள்தான்.

இதன் பயனை நம் ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது எங்கோ ஓர் எழுத்து மாறும். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுபவர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவார். தம் பங்குக்கு இன்னொன்றும் செய்வார். பதிப்பாசிரியர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறிக்கும்போது, எந்தச் சுவடி எதற்கு நெருங்கிய உறவு என்பது தெரிந்துவிடும். டி.என்.ஏ.யும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படும் சுவடிதான். இரு கூட்டங்களிடையே பாடபேதம் எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு காலத்துக்கு முன் அவை பிரிந்தன என்று கணக்கிடலாம்.

கிரெய்க் மோரிட்ஸ், கிறிஸ்டோபர் ஷ்னைடர் முதலியோர் இம்முறையில் பல அரணைகளையும் தவளைகளையும் ஆராய்ந்தனர். கெய்ர்ன்ஸ் நகருக்கு வடமேற்கே, வடக்கு மலைகளையும் தெற்குப் பீடபூமியையும் இணைக்கும் ஒடுக்கமான காட்டுப் பட்டை ஒன்று உண்டு. பிளாக் மவுண்டன் எனப்படும் அந்தப் பகுதிக்கு வடக்கே ஒரு கிளை, தெற்கே ஒரு கிளை எனப் பல இனங்கள் இரண்டாகப் பிரிந்திருப்பது தெரியவந்தது. வறட்சிக் காலங்களில் அந்தப் பட்டை அறுந்துபோயிருந்ததன் அடையாளம் இது. பிரிவினை கடைசிப் பனியூழியில் மட்டும் ஏற்பட்டதன்று. பல இனங்களில் அது பல பத்து லட்சம் ஆண்டுப் பழமையுடையது. காடு ஒருமுறையல்ல, பலமுறை சுருங்கி விரிந்திருக்கிறது.

நடுக்காடா, காட்டோரமா?

இனி அந்தப் போட்டிக்கு வருவோம். ஷ்னைடர், மோரிட்ஸ், தாமஸ் ஸ்மித் முதலியோர் செங்கழுத்து அரணையின் எட்டுக் கூட்டங்களை ஒப்பிட்டு 1999இல் முடிவை வெளியிட்டனர். வெகு காலம் பிரிந்திருந்த கிளைகள், அடர்காட்டில் வாழ்பவை, திறந்த காட்டில் வாழ்பவை என எல்லா வகையும் அந்த எட்டில் இருந்தன.

பிரிவினைக் கொள்கை சரியானால், பல பத்து லட்சம் ஆண்டுகள் பிரிந்திருந்தவை உருவத்தில் மிகவும் வேறுபட்டிருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒன்றோடொன்று கலந்து வருபவை ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு! நெடுங்காலம் பிரிந்திருந்த கூட்டங்களுக்கிடையே உருவ வேறுபாடு மிக அற்பம். ஆனால் அடுத்தடுத்திருந்த அடர்காட்டு அரணைக்கும் திறந்த காட்டு அரணைக்கும் வேறுபாடு பெரிதாக இருந்தது. இத்தனைக்கும் இவை கலந்து மரபணுக்களைப் பரிமாறிக்கொண்டே இருக்கின்றன. திறந்த காட்டில் இருப்பவை உருவில் சிறியவை. சிறிய உடலுடனேயே பருவமடைந்துவிடுகின்றன.

இது ஏன்? அரணை உருவப் பொம்மைகளைக் காட்டில் வைத்துப் பார்த்தபோது, பறவைகளின் வேட்டை ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெரிந்தது. நிழலும் மறைப்பும் குறைந்த இடத்தில் பறவையின் கண்ணுக்கு அரணை எளிதில் தென்படும். நெடுநாள் உயிரோடிருப்பது நிச்சயமில்லாத இடத்தில், பெரிதாக வளரும்வரை காத்திராமல் சீக்கிரமே முட்டையிடுபவைதாம் சந்ததியை விட்டுச் செல்லும். இதுவே இயற்கைத் தேர்வு.

வழக்கமாகக் காப்பகம் அமைப்பவர்கள் அடர்ந்த நடுக்காட்டையே வேலியிட்டுக் காக்கிறார்கள். ஓரத்துக் காட்டை 'சாதாரணக் காடு' என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் புதிய உருவங்கள் செதுக்கப்படும் பட்டறை அந்த ஓரமாக இருக்கலாம் என்கிறது இந்த ஆராய்ச்சி.

ஒன்றுபோல் தோன்றும் இரண்டு

அப்படியானால் நெடுங்காலப் பிரிவினை எதையுமே செய்யவில்லையா? அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது. காடு மீண்டும் விரிந்தபோது, பிரிந்திருந்த கிளைகள் மறுபடி சந்தித்தன. கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் அவை சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? செங்கழுத்து அரணையின் இரு கிளைகளும் குறுகிய ஓர் எல்லையில் மட்டுமே கலக்கின்றன என்பது 2004இல் வெளியான ஆராய்ச்சியில் தெரிந்தது. சோனல் சிங்கலும் மோரிட்ஸும் இத்தகைய ஐந்து சந்திப்பு எல்லைகளை ஒப்பிட்டு 2013இல் எழுதினர். பிரிந்த காலம் நீண்டதாக இருந்தால் கலப்பு குறைவு, எல்லையும் குறுகல். உருவத்தில் தெரியாவிட்டாலும், உள்ளுக்குள் அவை அன்னியமாகிவிட்டன!

இதன் விளைவாக 2018இல் சில கிளைகள் தனி இனங்களாகவே அங்கீகரிக்கப்பட்டன. செங்கழுத்து அரணையின் ஒரு கிளைக்குக் கார்லியா கிரிப்டா என்று பெயரிட்டனர். 'மறைந்திருப்பது' என்பது அப்பெயரின் பொருள். பொருத்தமான பெயர்தான் அல்லவா? ஒரே இனம் என்று எண்ணி ஒரு மலையை மட்டும் காத்திருந்தால், மறைந்திருந்த மற்றோர் இனத்தை இழந்திருப்போம்; இழந்ததையும் அறிந்திருக்க மாட்டோம்.

ஆகவே இரண்டு கொள்கைகளிலும் உண்மை உண்டு. காட்டோரம் உருவத்தை மாற்றுகிறது. நெடுங்காலப் பிரிவினை இனத்தையே பிரிக்கிறது.

துண்டான காடும் சிறுத்த அரணையும்

இயற்கை காட்டைத் துண்டாக்க ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. மனிதன் அதைச் சில பத்து ஆண்டுகளில் செய்துவிட்டான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆதர்டன் பீடபூமியில் மக்காச்சோளத்துக்காகவும் பால்பண்ணைகளுக்காகவும் காடு பெருமளவில் அழிக்கப்பட்டது. மேய்ச்சல் நிலக் கடலில் தீவுகள்போல் காட்டுத் துண்டுகள் எஞ்சின.

மட்கிய கட்டையை விட்டு அகலாத முள் அரணைக்கு வெயில் கொளுத்தும் புல்வெளியைக் கடப்பது நடவாத காரியம். அத்துண்டுகளில் சிக்கிய அரணைகளின் நிலை என்ன? ஜோனா சம்னரும் உடன் ஆராய்ந்தவர்களும் 1999இல் ஒரு செய்தியை வெளியிட்டனர்: துண்டுகளில் வாழும் முள் அரணைகள், தொடர்காட்டில் வாழ்பவற்றைவிட உடலளவில் சிறுத்திருந்தன. காடு சிறுத்தது, அரணையும் சிறுத்தது.

மரபணு வகையில் அவை இழந்தது அவ்வளவாக இல்லை என்று பின்னர் 2004இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இது ஆறுதலான செய்திதானா? முள் அரணை மெதுவாகத் தலைமுறை மாறும் பிராணி. காடு துண்டாகிச் சுமார் பத்துத் தலைமுறைகளே ஆகியிருந்தன. குளத்துக்கு நீர்வரத்தை அடைத்த மறுநாளே குளம் வற்றிவிடுவதில்லை. அதனால் வற்றாது என்று சொல்லிவிட முடியுமா? இழப்பு முற்றுவதற்குமுன் திருத்திக்கொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் தவணை அது என்று கொள்வதே சரி.

மேலே போக இடமில்லை

மலையுச்சி அரணைக்கு வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. உலகம் வெப்பமாகி வருகிறது. மலையில் ஏற ஏறக் குளிர் கூடுவதால், கீழே வாழும் பிராணிகள் இன்னும் சற்று மேலே நகர்ந்து தமக்கு வேண்டிய குளிரைப் பெறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்? வீட்டில் வெள்ளம் ஏற ஏறப் படியேறி, மொட்டைமாடிக்கு வந்து நிற்பவன் நிலைமைதான் அதற்கு.

ஸ்டீபன் வில்லியம்ஸ் தலைமையிலான குழு, இக்காட்டுக்கே உரிய 65 முதுகெலும்புப் பிராணி இனங்களைக் கணக்கிலெடுத்து 2003இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. வெப்பம் 2 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்ந்தால் வாழிடத்தை முற்றிலும் இழக்கும் இனங்கள் மிக விரைவாகப் பெருகும் என்பதே அது. கடந்த பனியூழிகளில் இந்த இனங்களைக் காத்தவை குளிர்ந்த, ஈரமான மலைப் புகலிடங்கள். அதே புகலிடங்களே இன்று ஆபத்துக்குள்ளாகி இருக்கின்றன.

கட்டையைத் திருப்பி வைப்போம்

நம்பிக்கையூட்டும் முயற்சிகளும் உண்டு. 1995க்கும் 1998க்கும் இடையில், ஆதர்டன் பீடபூமியில் பேரின் ஏரியைச் சூழ்ந்த காட்டுத் துண்டையும் அருகிலுள்ள பெருங்காட்டையும் இணைக்க, மேய்ச்சல் நிலத்தினூடே 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பட்டை நடப்பட்டது. டொனகி இணைப்புக் காடு எனப்படும் இதில், சில ஆண்டுகளிலேயே காட்டெலிகள் குடியேறி நடமாடியதை மரபணுச் சோதனை உறுதி செய்தது.

ஆனால் எலிக்குப் போதுமானது அரணைக்குப் போதாது. இளங்காட்டில் மரம் இருக்கும். விழுந்து மட்கிய பெருங்கட்டை இராது. ஒரு கன்று வளர்ந்து, முதிர்ந்து, சாய்ந்து, மட்கி முள் அரணைக்கு வீடாக எத்தனை காலம் ஆகும்! அதற்காகவே புதிதாக நட்ட காடுகளில் கட்டைகளைக் கொண்டுவந்து போட்டு, ஊர்வனவற்றை வரவழைக்க முயன்று, அந்தச் சோதனையை 2014இல் வெளியிட்டார்கள்.

நாமோ காட்டில் விழுந்த மரத்தை 'வீணாய்ப் போகிறது' என்கிறோம். விறகுக்கு எடுத்துக்கொள்வதும் தரையைப் பெருக்கிச் சுத்தமாக வைப்பதும் நல்ல காரியமாகவே நமக்குத் தோன்றுகின்றன. நமது மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உலகில் வேறெங்கும் காணப்படாத அரணைகள் உள்ளன. ரிஸ்டெல்லா, கேஸ்ட்லியா என்ற இரு பிரிவுகள் முழுவதுமே இம்மலைக்கு மட்டும் உரியவை. இங்கும் காடு தேயிலை, காப்பித் தோட்டங்களிடையே துண்டுபட்டுக் கிடக்கிறது. குவீன்ஸ்லாந்தின் அரணைகள் கற்பிக்கும் பாடம் நமக்கும் வேண்டியதே. நிற்கும் மரம் மட்டுமே காடு ஆகாது. விழுந்த மரம், சருகு, வெயில் திட்டு, காட்டின் ஓரம், துண்டுகளை இணைக்கும் ஒடுங்கிய பட்டை, மேகம் மூடிய உச்சி ஆகிய அனைத்தும் சேர்ந்ததே காடு.

அடுத்த முறை மலைக்காட்டுப் பக்கம் போகும்போது, ஒரு கட்டையை மெல்லப் புரட்டிப் பார்க்க உங்களுக்கு ஆசை வரலாம். அடியில் பாம்போ தேளோ இருக்கக்கூடும். ஆகையால் புரட்டாமல் இருப்பதே நலம். தெரியாமல் புரட்டிவிட்டால், இருந்தபடியே அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய வீட்டுக் கூரை.